போனில் பாட்டு நன்றாகக் கேட்க: எங்கே தொடங்குவது, எதற்குச் செலவழிப்பது

"போன்ல பாட்டு இன்னும் நல்லா கேட்கணும், என்ன வாங்கலாம்?" என்று யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, விலை கூடிய ப்ளூடூத் இயர்பட்ஸ். இல்லையென்றால், லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காத தரம்) தரும் சந்தா. இரண்டிலும் காசு போகும். வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இந்த விஷயத்துக்காக நிறைய அலைந்து, கடைக்காரர்களோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்கு ஒரு வரிசை பிடிபட்டது. காதுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: இயர்போன், அது காதில் உட்காரும் விதம், செயலியின் அமைப்பு, போனிலிருந்து ஒலி வெளியே வரும் வழி, கடைசியாகப் பாட்டுக் கோப்பு. இந்த வரிசையில் போனால் பெரும்பாலானவர்களுக்கு 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும்.

தொடங்கும் முன் உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கர்நாடகக் கச்சேரிப் பதிவு, அறுபதுகளின் திரைப்பாடல் ஒன்று, அடி பலமாக ஒலிக்கும் புதுப் பாட்டு ஒன்று. எதை மாற்றினாலும் இதே மூன்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. செலவுக்கு முன் போனைச் சரிபாருங்கள் (செலவு இல்லை, அரை மணி நேரம்)

செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போங்கள். அங்கே 'மோனோ ஆடியோ' (இரண்டு காதிலும் ஒரே ஒலி) ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். பக்கத்திலேயே இடது, வலது சமநிலைக் கோடு இருக்கும். அது சரியாக நடுவில் நிற்கிறதா பாருங்கள். வீட்டில் குழந்தைகள் போனை நோண்டும்போது இது நகர்ந்துவிடுவது உண்டு. ஒரு பக்கம் மங்கலாகக் கேட்கிறது என்று புது இயர்போன் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சவுண்ட் பகுதியில் டால்பி அட்மாஸ், 3டி சவுண்ட், பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் என்று என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் இப்போதைக்கு அணைத்து வையுங்கள். இவை கெட்டவை என்பதற்காக இல்லை. அடியில் என்ன ஒலிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மேலே எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய முடியும். ஐபோனில் மியூசிக் அமைப்புக்குள் இருக்கும் ஈக்யூவையும் (ஈக்வலைசர்தான்) பாருங்கள்.

பிறகு சுத்தம். ஹெட்போன் ஜாக்கிலும் டைப்-சி துளையிலும் சட்டைப்பை நூல் தூசி அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். இயர்போன் முனையில் இருக்கும் சின்ன வலையில் காதழுக்கு அடைத்தால் சத்தம் குறையும், உச்ச ஒலிகள் மங்கும். ரப்பரைக் கழற்றி, இயர்போனின் வாயைத் தரையைப் பார்த்து வைத்துக்கொண்டு காய்ந்த பல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் படக்கூடாது.

2. இயர்போன்: முதல் பணம் இங்கேதான்

பாட்டின் தரத்தைத் தீர்மானிப்பதில் இயர்போனுக்கு இருக்கும் பங்கு வேறு எதற்கும் இல்லை. போனுடன் வந்த பழைய ஹெட்செட்டிலிருந்து ஒரு நல்ல வயர் இயர்போனுக்கு மாறும்போது கேட்கும் மாற்றம், அதற்குப் பிறகு நீங்கள் செய்யும் எல்லா மாற்றங்களையும்விடப் பெரிது.

வயர் என்றால் பலர் தயங்குகிறார்கள். ஆனால் அதே விலைக்கு வாங்கும் ப்ளூடூத் இயர்பட்ஸில் பேட்டரி, சிப், மைக், சார்ஜிங் டப்பா என்று எல்லாவற்றுக்கும் காசு பிரிகிறது. வயர் இயர்போனில் அது ஒலிக்குப் போகிறது. இப்போது ஐ.இ.எம். என்று அழைக்கப்படும், காதுக்குள் செருகும் வகையில் மூன்டிராப் சூ 2, செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ 2 போன்றவை 2,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. இரண்டுமே கச்சேரிக்கும் திரைப்பாடலுக்கும் தாராளம். கையில் 1,000 ரூபாய்தான் இருக்கிறதென்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுத்து 2,000க்கு வாங்குங்கள் என்பேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை. வயர் தனியாகக் கழன்று வருகிறதா? இயர்போன் கெடுவது பெரும்பாலும் வயரில்தான். கழற்றும் வகையானால் சில நூறு ரூபாயில் புது வயர் போட்டு ஓட்டலாம். இம்பீடன்ஸ் என்ற மின்தடை 16 முதல் 32 ஓம் வரை இருந்தால் எந்தப் போனும் தாராளமாக ஓட்டும். ஸ்டூடியோவுக்காகச் செய்த 250, 300 ஓம் ஹெட்போன்களைப் போனில் நேராகச் செருகினால் சத்தம் போதாது. அப்புறம், போனில் பேசவும் வேண்டுமென்றால் மைக் உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே இயர்போன் மைக்கோடும் மைக் இல்லாமலும் இரண்டு விலையில் விற்கும்.

பார்க்க வேண்டாதவையும் உண்டு. தங்க நிற 'ஹை-ரெஸ்' ஸ்டிக்கர், '40,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற எண், 'இத்தனை டிரைவர்' (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்) என்ற பெருமை. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. வயது ஏற ஏற அதுவும் இறங்கும். ஒரே டிரைவரை ஒழுங்காக அமைத்த இயர்போன், அவசரமாக ஐந்து டிரைவர் திணித்ததைவிட நன்றாக ஒலிக்கும்.

3. ரப்பர் முனை: யாரும் கவனிக்காத இடம்

பெட்டியில் மூன்று அளவு ரப்பர் வரும். பலர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவையே போட்டுக்கொண்டு, "பேஸ் இல்லை, தகரம் மாதிரி இருக்கு" என்று சொல்லி இயர்போனை ஓரம் கட்டிவிடுகிறார்கள். ரப்பர் காதுத் துளையை முழுக்க அடைக்காவிட்டால் கீழ்ஒலிகள் எல்லாம் அந்த இடுக்கு வழியாக வெளியே போய்விடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இதுதான் நிலை.

மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. சரியாக உட்கார்ந்தால் வெளிச்சத்தம் சட்டென்று அடங்கும், உங்கள் குரலே உங்களுக்குக் கனமாகக் கேட்கும். காதுமடலை ஒரு கையால் மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகுங்கள்; அப்போதுதான் உள்ளே போய் உட்காரும். வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் போடும் மாடலை அப்படியேதான் போட வேண்டும்.

இப்போது கச்சேரிப் பதிவைப் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பியில் (கனமாக ஒலிக்கும் பக்கம்) கும்கி என்ற அழுத்தித் தேய்க்கும் அடி விழும்போது அது வளைந்து எழுவது தனியாகக் கேட்க வேண்டும். பாடகர் குரலை உயர்த்தும் இடத்திலும் தம்புரா அடியில் அறுபடாமல் ஓட வேண்டும். கும்கி வெறும் 'டப்' என்று கேட்டால் ரப்பரை மாற்றிப் பாருங்கள். எந்த அளவும் சரிப்படவில்லை என்றால் நுரை முனைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நன்றாக அடைக்கும், ஆனால் சில மாதங்களில் தேய்ந்துபோகும்.

4. பில், வாரண்டி, திருப்பித் தரும் நாட்கள்

இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்குப் பணம் போகிறது. நான் வாங்கிய இயர்போன் ஒன்றில் சில வாரங்களிலேயே இடது பக்கம் மங்கியது. பில்லில் 'இயர்போன் 1' என்று மட்டும் இருப்பதைக் காட்டி, இது எங்கள் கடைப் பொருள்தானா என்று தெரியவில்லை என்று மாற்ற மறுத்துவிட்டார்கள். அதனால் சொல்கிறேன். பில்லில் ஜி.எஸ்.டி. எண், மாடலின் முழுப்பெயர், தேதி மூன்றும் இருக்க வேண்டும். சீரியல் எண் இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். கடைகளில் தரும் வெப்பத்தாள் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பொருளானால் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இந்தியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்டிக்கர் இல்லாத பொருளை 'அதேதான், விலை குறைவு' என்று தந்தால் வாரண்டி கேட்க ஆளிருக்காது. இணையத்தில் வாங்கினால் பார்சலை ஒட்டு பிரிக்கும் முன்பிருந்தே வீடியோ எடுங்கள். உடைந்தோ மாறியோ வந்தால் அதுதான் ஆதாரம்.

ஒரு பேச்சை மட்டும் நம்பாதீர்கள்: "முதல்ல அப்படித்தான் இருக்கும் சார், நூறு மணி நேரம் ஓடவிடுங்க, சவுண்ட் திறந்துடும்." நாம் வழக்கமாகக் கேட்கும் அளவில் நூறு மணி நேரம் முடிவதற்குள் திருப்பித் தரும் காலம் முடிந்துவிடும். பல இணையக் கடைகளில் அது 7 அல்லது 10 நாள்தான். சில கடைகள் காதுக்குள் போகும் பொருளைத் திருப்பியே வாங்காது, கெட்டிருந்தால் மாற்றித்தான் தரும். எது என்று வாங்கும் முன் படித்துவிடுங்கள். முதல் மூன்று நாளில் உங்கள் மூன்று பாட்டையும் போட்டு, இரு பக்கமும் ஒரே அளவு ஒலிக்கிறதா பார்த்து, பிடிக்கவில்லை என்றால் உடனே அனுப்பிவிடுங்கள். கடை வம்பு செய்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.

5. செயலிக்குள் தர அமைப்பு (செலவு இல்லை, பத்து நிமிடம்)

பாட்டுச் செயலிகள் டேட்டாவை மிச்சம் பிடிக்கத் தரத்தைத் தாமாகவே குறைக்கும். ஸ்பாட்டிஃபையில் தரம் 24 கே.பி.பி.எஸ்.ஸில் (நொடிக்கு இத்தனை கிலோபிட்; கூடினால் தரம் கூடும்) தொடங்கி 96, 160, 320 என்று ஏறும். இலவசக் கணக்கில் போனில் 160தான் உச்சம். 320 வேண்டுமென்றால் அதைத் தரும் பிரீமியம் திட்டத்துக்குக் கட்ட வேண்டும். யூடியூப் மியூசிக்கில் 'ஹை' என்பது 256 வரை. எந்தச் செயலியானாலும் நான்கு இடங்களைப் பாருங்கள்: வைஃபைக்கு ஒரு தரம், மொபைல் டேட்டாவுக்கு ஒரு தரம், டவுன்லோடுக்கு ஒரு தரம், அப்புறம் 'டேட்டா சேவர்'. மூன்றை ஏற்றிவிட்டு டேட்டா சேவரை அப்படியே விட்டால் பயன் இல்லை. 'தானாகத் தரம் மாற்று' என்ற பொத்தானையும் அணையுங்கள்.

இங்கே பலர் சிக்கும் இடம் டவுன்லோட். ஏற்கெனவே இறக்கி வைத்த பாட்டுகள் பழைய தரத்திலேயே கிடக்கும். தரத்தை ஏற்றிய பிறகு அவற்றை நீக்கிவிட்டு, வைஃபையில் மறுபடி இறக்குங்கள்.

டேட்டாவுக்குப் பயப்பட வேண்டாம். 160இல் ஒரு மணி நேரப் பாட்டுக்கு 72 எம்.பி., 320இல் 144 எம்.பி. செலவாகும். தினம் 1.5 ஜி.பி. தரும் திட்டத்தில் நான்கு மணி நேரம் உச்சத் தரத்தில் கேட்டாலும் பாதிக்கு மேல் மீதம் இருக்கும்.

வால்யூமைச் சமப்படுத்தும் 'நார்மலைசேஷன்' வசதியை ஆனில் வைக்கலாம். 'லவுட்' என்ற நிலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது பாட்டின் ஏற்ற இறக்கத்தை நசுக்கும். இரண்டு செயலிகளை ஒப்பிடும்போது ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தாலே அதுதான் தரமானது என்று காது நம்பிவிடும். சத்தத்தைச் சமமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்.

சாதாரண யூடியூபில் பாட்டு கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடியோவை 480பி-யிலிருந்து 1080பி-க்கு மாற்றினால் படம்தான் தெளியும், ஒலி கூடாது. ஏற்றியவர் கையில் என்ன இருந்ததோ அதுதான் உங்களுக்கும்.

6. ஹெட்போன் ஜாக் இல்லாத போன்: எந்தக் கன்வெர்ட்டர்?

கடையில் "டைப்-சி டு ஹெட்போன் கன்வெர்ட்டர்" என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது ரூபாய்ச் சமாச்சாரம். அதில் இரண்டு வகை இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். முதல் வகை வெறும் கம்பி. போனே அனலாக் ஒலியை டைப்-சி வழியாக அனுப்பினால்தான் அது வேலை செய்யும்; பிக்சல் போன்களும் சாம்சங்கின் விலை கூடிய போன்களும் அப்படி அனுப்புவதில்லை. இரண்டாம் வகைக்குள் டாக் என்ற சின்ன சிப் இருக்கும். டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கான மின் அலையாக மாற்றுவது அதுதான். இந்த வகை டைப்-சி உள்ள பெரும்பாலான போன்களில் ஓடும். பெட்டியில் 'டாக்' என்று எழுதியிருக்கிறதா பார்த்தே வாங்குங்கள்.

ஆப்பிளின் டைப்-சி கன்வெர்ட்டர் 1,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது, டாக் உள்ளது, மிகச் சுத்தமான ஒலி. ஐபோன் 15க்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் இது போதும். ஆண்ட்ராய்டில் செருகினால் மட்டும் பல போன்களில் சத்தம் மிகக் குறைவாக வரும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் இதைத் தவிர்த்து, ஃபியோ போன்ற நிறுவனங்களின் டாங்கிளை (டாக் உள்ள கன்வெர்ட்டர்தான்) பார்ப்பது நல்லது. 3,000 ரூபாய் வரை போகலாம். அதற்கு மேல் கொடுப்பதில் 32 ஓம் இயர்போனுக்குப் பெரிய பயன் எனக்குக் கேட்டதில்லை.

ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி, விவோ போன் வைத்திருப்பவர்கள் டாங்கிள் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பும் முன் செட்டிங்ஸில் 'ஓ.டி.ஜி.' என்று தேடுங்கள். பல மாடல்களில் அதை ஆன் செய்தால்தான் டாங்கிளுக்கு மின்சாரமே போகும். பத்து நிமிடம் பயன்படுத்தாமல் விட்டால் தானாக அணைந்தும் விடும்.

உங்கள் போனில் 3.5 மி.மீ. ஜாக் இருந்தால் இந்தப் பகுதியையே தாண்டிவிடுங்கள். பின்னணியில் இரைச்சல் கேட்டால் மட்டும் திரும்பி வாருங்கள்.

7. ப்ளூடூத்தான் வேண்டும் என்றால்

பேருந்திலும் நடையிலும் வயர் தொல்லைதான், புரிகிறது. ப்ளூடூத்தில் பாட்டு சுருக்கித்தான் அனுப்பப்படுகிறது. சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எல்லாக் கருவியிலும் இருப்பது எஸ்.பி.சி.; ஐபோன் அதோடு ஏ.ஏ.சி.யை மட்டும் பேசும். ஆகவே ஐபோன்காரர்கள் 'எல்.டி.ஏ.சி. உண்டு' (தரம் கூடிய இன்னொரு கோடெக்) என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து எல்.டி.ஏ.சி. சேர்ந்திருக்கிறது, 330, 660, 990 கே.பி.பி.எஸ். என்று மூன்று நிலை. போன், இயர்பட்ஸ் இரண்டிலும் இருந்தால்தான் ஓடும்.

அதை ஆன் செய்ய, ப்ளூடூத் பட்டியலில் இயர்பட்ஸ் பெயருக்குப் பக்கத்துச் சக்கரத்தைத் தொட்டு, எல்.டி.ஏ.சி. அல்லது 'ஹெச்.டி. ஆடியோ' பொத்தானைப் போடுங்கள். எது ஓடுகிறது என்று உறுதிசெய்ய, 'அபவுட் போன்' பகுதியில் 'பில்டு நம்பர்' மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். உள்ளே 'ப்ளூடூத் ஆடியோ கோடெக்' என்று இருக்கும். இயர்பட்ஸ் இணைந்திருக்கும்போது பாருங்கள். சென்ட்ரல் ரயில் நிலையம் மாதிரிக் கூட்டத்தில் 990 அறுந்து அறுந்து வரும். அங்கே 660க்கு இறக்கினால் நிம்மதி.

இரண்டு பொறிகள். பல இயர்பட்ஸில் போன், லேப்டாப் இரண்டோடும் ஒரே நேரத்தில் இணைக்கும் 'மல்டிபாயிண்ட்' ஆனில் இருந்தால் எல்.டி.ஏ.சி. வேலை செய்யாது. அடுத்தது, மைக் திறந்திருந்தால் ப்ளூடூத் பேச்சுக்கான மட்டமான முறைக்கு மாறிவிடும். திடீரென்று பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், பின்னணியில் ஏதாவது செயலி மைக்கைப் பிடித்திருக்கிறதா பாருங்கள்.

8. லாஸ்லெஸ்: கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

சி.டி.யில் இருக்கும் ஒலி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1,411 கிலோபிட். லாஸ்லெஸ் என்பது அதில் எதையும் தூக்கி எறியாமல் சுருக்குவது. ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் இருக்கிறது. மூன்று நிமிடப் பாட்டுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு: வழக்கமான தரத்தில் 6 எம்.பி., லாஸ்லெஸ்ஸில் 36 எம்.பி., சி.டி.யையும் தாண்டிய தரமான ஹை-ரெஸ்ஸில் 145 எம்.பி. ஹை-ரெஸ்ஸை விட்டுவிடுங்கள், போனின் இடம்தான் நிறையும். ஆப்பிளின் கன்வெர்ட்டரே 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும்.

320க்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் வித்தியாசம் கேட்கிறதா என்று நண்பரை விட்டு மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோரால் முடியாது. முடிந்தால் தாராளமாகச் சந்தா கட்டுங்கள். ப்ளூடூத்தில் கேட்பவர்களுக்கு அது மறுபடி சுருங்கித்தான் போகிறது. அவர்கள் இதற்கென்று தனியாகக் காசு கட்டத் தேவையில்லை.

வீட்டில் பழைய ஆடியோ சி.டி.க்கள் இருந்தால் அவை பொக்கிஷம். கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளால் ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் கோப்பாக எடுத்து போனில் போட்டுக்கொள்ளலாம், ஒரு சி.டி. 300, 400 எம்.பி. வரும். வி.எல்.சி., ஃபூபார்2000 எல்லாம் ஃபிளாக்கை வாசிக்கும். ஆனால் நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு என்று விற்ற எம்.பி.3 சி.டி.க்களை இப்படி எடுப்பதில் பொருளில்லை. 128இல் சுருக்கிய எம்.பி.3யை ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்கும், போன ஒலி திரும்பாது. இணையத்தில் 'ஃபிளாக்' என்று கிடைப்பவற்றிலும் இப்படி மாற்றியவை ஏராளம். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள்; எந்தெந்த ஹெர்ட்ஸில் ஒலி இருக்கிறது என்று வண்ணப் படமாகக் காட்டும். வண்ணம் 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது பெரும்பாலும் பழைய எம்.பி.3தான்.

9. பழைய பாட்டுக்குப் பதிப்பைத் தேடுங்கள்

தமிழ்த் திரைப்பாட்டு கேட்பவர்களுக்கு லாஸ்லெஸ்ஸைவிட இது முக்கியம். ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. ஒரே பாட்டு ஒரு செயலிக்குள்ளேயே நான்கைந்து தொகுப்புகளில் இருக்கும். ஒன்றில் குரல் தெளிவாக நிற்கும், இன்னொன்றில் இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலினின் உச்சத்தையும் சேர்த்து வழித்திருப்பார்கள், மற்றொன்றில் எதிரொலி சேர்த்துப் போலி ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள். தேடலில் முதலில் வருவதோடு நிற்காமல் எல்லாவற்றையும் அரை நிமிடம் அரை நிமிடம் கேட்டு, நல்லதைப் பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள். 'ரீமாஸ்டர்' என்ற சொல்லே நல்ல ஒலிக்கு உத்தரவாதம் ஆகாது. நல்ல இயர்போன் வந்த பிறகு இந்த வேறுபாடுகள் பளிச்சென்று தெரியும். எனக்கு இந்த முயற்சி முழுவதிலும் அதிக மகிழ்ச்சி தந்தது இந்தத் தேடல்தான்.

10. சத்தத்தின் அளவு

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு: 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரம் 4 மணி நேரம்தான். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை இங்கேயும் உதவும். பேருந்து இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்ற வேண்டியிருக்காது. ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி'யிலும், சாம்சங்கில் 'மீடியா வால்யூம் லிமிட்'டிலும் உச்சவரம்பு வைக்கலாம். வண்டி ஓட்டும்போது இதைப் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

டாங்கிள் வாங்கியவர்கள் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு முறை செருகும்போதும் முதலில் வால்யூமைக் கீழே இறக்கி, பாட்டை ஓடவிட்டு, அப்புறம் இயர்போனைக் காதில் வையுங்கள். போனின் ஜாக்கைவிட டாங்கிளுக்கு வலு பெரும்பாலும் கூடுதல். சில போன்கள் புதுக் கருவியைப் பார்த்ததும் வால்யூமைத் தம் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.